சிங்கப்பூர் ஆற்றோரப் படநடை: டிசம்பரில் எந்தக் கரை, எந்த நேரம்?

காவிரிக்கரை:

வணக்கம். டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் படக்குழுவிலிருந்து ஏழு பேர் சிங்கப்பூர் வருகிறோம். ஆற்றோரத்துக்கென்று ஒரு காலையும் வேறொரு நாள் மாலையும் ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பேரிடம் ஃபுல் ஃபிரேம் கேமரா இருக்கிறது (லென்ஸ்கள் 16-35, 24-70, ஒரு 85 மி.மீ.). மற்ற மூன்று பேரிடம் கைபேசி மட்டும்தான். டிரைபாட் இரண்டு.

இணையத்தில் தேடினால் எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள்: முன்னால் போட் கீ கடைவீடுகள், பின்னால் வங்கிக் கோபுரங்கள். அதை எந்தக் கரையிலிருந்து, எந்த நேரத்தில் எடுப்பது? முகத்துவாரத்தில் தொடங்கி மேலே நடப்பதா, மேலிருந்து இறங்குவதா? கடல் ஏற்ற இறக்க அட்டவணை பார்க்க வேண்டுமா? டிரைபாட் வைத்தால் காவலர்கள் விரட்டுவார்களா? ஊர் திரும்பியதும் சிறிய கண்காட்சி ஒன்று வைக்கும் எண்ணம் உண்டு. படக்குறிப்புக்கு, குறிப்பாகத் தமிழர் தொடர்புள்ள இடங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாய்வெயில்:

கடல் ஏற்ற இறக்க அட்டவணை வேண்டாம். 2008-ல் மரினா அணைக்கட்டு வந்தபின் ஆற்றின் வாய் கடலிலிருந்து பிரிந்துவிட்டது. இப்போது அது நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதி, நீர்மட்டம் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கும். பழைய படங்களில் தெரிகிற சேற்றுக்கரை இனிக் கிடைக்காது. ஆனால் காற்றில்லாத விடியலில் கண்ணாடிபோலப் பிரதிபலிப்பு கிடைக்கும். அதைக் கலைப்பவை காற்றும் சுற்றுலாப் படகும்தான், அதனால் படகுகள் ஓடத் தொடங்கும் முன்பே நீர் வேண்டிய படங்களை முடித்துவிடுங்கள்.

இனி வெளிச்சம். நீங்கள் வரும் மாதம்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. எல்கின் பாலத்திலிருந்து கவெனா பாலம் வரை ஆறு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக வளைந்து வருகிறது. வளைவின் வெளிப்புறம்தான் போட் கீ. ஆகவே அந்தக் கடைவீடுகளின் முகம் பொதுவாக வடகிழக்கைப் பார்க்கும்: எல்கின் பக்கம் கொஞ்சம் கிழக்காக, கவெனா பக்கம் கொஞ்சம் வடக்காக. திசையை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக டிகிரியில் எண்ணினால், ஜூனில் காலை 9 மணிக்குச் சூரியன் சுமார் 64 டிகிரியில், அதாவது வடகிழக்கில் நிற்கும். வெயில் கடைவீடுகளின் முகத்தில் நேராக விழும். டிசம்பரில் அதே 9 மணிக்குச் சூரியன் 117 டிகிரிக்குப் போய்விடும். எல்கின் பக்கத்து வீடுகளை வெயில் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். கவெனா பக்கத்து வீடுகளுக்கு நேர் வெயிலே கிடையாது. தென்கிழக்கில் நிற்கும் உயரக் கட்டடங்கள் மிச்சத்தையும் மறைத்துவிடும். ‘காலை 8 மணிக்குப் போட் கீ பொன்னிறமாக இருக்கும்’ என்று எழுதுபவர்கள் வருடத்தின் நடுவில் வந்து எடுத்தவர்கள்.

கிளார்க் கீ இதற்கு நேர் எதிர். அது வடகரையில் இருக்கிறது, ஆற்றைப் பார்த்த முகம் தெற்கும் தென்மேற்குமாக. டிசம்பரில் சூரியன் நாள் முழுதும் தென்பக்கமே நகர்வதால், மாலை 4:30 மணியளவில் சுமார் 240 டிகிரியிலிருந்து அந்த வண்ண முகப்புகளின்மேல் நன்றாகவே விழும். எதிர்க்கரையில், மெர்ச்சன்ட் ரோடு பக்கத்து நடைபாதையில் நின்று எடுக்க வேண்டும். 5:30 தாண்டினால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கட்டடங்களின் நிழல் ஆற்றைக் கடந்து மறுகரையில் ஏறத் தொடங்கும்.

எனவே டிசம்பரில் காலை கீழிருந்து மேலே, மாலை மேலிருந்து கீழே.

காலை: அந்த வாரத்தில் உதயம் சுமார் 6:50. நீங்கள் 6:15-க்கே முகத்துவாரத்தில் உள்ள ஜூப்ளி பாலத்தில் இருக்க வேண்டும். அங்கிருந்து மரினா பே சாண்ட்ஸ் சுமார் 115 டிகிரியில் தெரியும், டிசம்பர் உதயமும் 112 டிகிரி வாக்கில். சூரியன் கிட்டத்தட்ட அந்தக் கட்டடத்தின் பின்னாலேயே எழுவதால் கோபுரங்கள் கறுப்பு நிழலுருவாக நிற்கும். வருடத்தின் நடுவில் இந்தப் பொருத்தம் அமையாது. கட்டடத்தைத் தாண்டிச் சூரியன் தலைகாட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அதற்குக் காத்திருக்காதீர்கள். 6:45-க்கே ஆண்டர்சன் பாலம் வழியாக, போட் கீக்கு எதிரே வடகரையில் இருக்கும் எம்பிரஸ் பிளேஸ் கரைக்கு வந்துவிட்டால், வானில் நீலம் மிச்சமிருக்கும்போதே போட் கீயை எடுத்துவிடலாம். காலையில் உங்களுக்கு அந்த ஒரு வாய்ப்புதான். வெயில் ஏறியபின் அது நிழலுக்குள் போய்விடும்.

மாலை: ஹேவ்லாக் அல்லது கிரேட் வேர்ல்ட் நிலையத்தில் இறங்கி, 4 மணிக்கு அல்காஃப் பாலம். அப்படியே ஆற்றோடு இறங்கி ராபர்ட்சன் கீ, ஓர்ட் பாலம், ரீட் பாலம். 4:45 முதல் 5:30 வரை கிளார்க் கீக்கு எதிர்க்கரை. பிறகு கோல்மன், எல்கின் பாலங்களின் அடியில் போகும் நடைபாதை வழியாக இறங்கி, 6:40-க்கு மறுபடி எம்பிரஸ் பிளேஸ் கரை. நிற்காமல் நடந்தால் இரண்டு கிலோமீட்டர்தான், படம் எடுத்துக்கொண்டு போனால் இரண்டரை மணி நேரம் தேவை.

இரவுமுக்காலி:

சாய்வெயில் சொன்ன வழி சரி. இரவுப் படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி தள்ளி இருக்கிற ஊர் இது. சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்திப்பொழுது சட்டென்று முடிந்துவிடும். டிசம்பர் முதல் வாரத்தில் அஸ்தமனம் சுமார் 6:54. வானமும் விளக்கும் சமமாக இருக்கும் நேரம் 7:08 முதல் 7:22 வரை, அவ்வளவுதான். 7:30-க்கு வானம் கறுத்துவிடும். குளிர்நாடுகளில் எடுத்துப் பழகியவர்கள் 7:15-க்கு டிரைபாட்டை விரித்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் பாதி நேரம் போயிருக்கும். கட்டம் பார்ப்பது, ஃபோகஸ் செய்து மேனுவலில் பூட்டுவது, மட்டம் பார்ப்பது எல்லாம் 6:55-க்குள் முடிந்திருக்க வேண்டும்.

தொடக்கப் புள்ளியாக ஐஎஸ்ஓ 100, எஃப்/8. 7:05-க்கு 2 விநாடி, 7:15-க்கு 6 முதல் 8, 7:22-க்கு 15 என்ற வாக்கில் ஷட்டர் நீளும். ஹிஸ்டோகிராம் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். உணவகப் பெயர்ப்பலகைகள் வெளுத்துப் போவதுதான் இங்கே வழக்கமான கோளாறு. சரியான எக்ஸ்போஷரில் ஒரு படம், அசையாமல் அதே இடத்தில் மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து இன்னொன்று எடுத்துவைத்தால் பலகைகளை மட்டும் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். தானியங்கி எச்டிஆர் வேண்டாம், ஓடுகளெல்லாம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். தெருவிளக்கு நட்சத்திரமாக வேண்டுமென்றால் எஃப்/14 போதும், எஃப்/22-க்குப் போனால் படம் மங்கும்.

கையில் பிடித்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது எல்இடி. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலான விளக்குகளில் பட்டை விழாது. 1/320 போல வேகமாக வைத்து, சைலன்ட் ஷட்டரும் போட்டால் பாதிப் பலகை கறுப்பாக வரும்.

டிரைபாட்டை எங்கே வைக்கக்கூடாது என்பது முக்கியம். கவெனா பாலம் தொங்குபால வகை, மாலையில் ஆள் நடமாட்டம் ஓயாது. ஒவ்வோர் அடிக்கும் தளம் அதிரும். 4 விநாடி வைத்தால் கோபுரத்து ஜன்னல்களெல்லாம் இரட்டையாக விழும், ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். எல்கின் பாலத்தில் பேருந்து போகும்போதெல்லாம் அதே கதி. பாலத்தின் நடுவில் நிற்காமல் இரு முனைகளிலும் கரைமேல் உட்கார்ந்திருக்கும் கல் மேடைப் பக்கம் வாருங்கள். நடுப்பாலக் கோணம்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் ஒரு விநாடி என்று பத்துப் படம் எடுத்து, நடுங்காதவற்றைச் சேர்த்துச் சராசரி எடுங்கள், நீரும் ஓரளவு வழவழப்பாக வரும். டிரைபாட்டில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள்.

ஃபில்டர் பற்றியும் ஒன்று. போலரைசர் திருகினால் நீரின் பிரதிபலிப்பே போய்விடும். அந்தப் பிரதிபலிப்புக்காகத்தான் அங்கே நிற்கிறீர்கள் என்பதை மறந்து பலர் அதைக் கழற்றுவதில்லை. பகல் வெளிச்சத்தில் 6 ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டர்) போட்டால் 1/250 வெறும் கால் விநாடியாகும். நீர் உறையவும் உறையாது, வழுவழுப்பாகவும் ஆகாது. பகலுக்கு 10 ஸ்டாப்தான், அது 4 விநாடி தரும். அந்திக்கு எதுவுமே வேண்டாம்.

கிட்டங்கித்தெரு:

எல்லாரும் எம்பிரஸ் பிளேஸ் கரையில் நில் என்கிறீர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பதினைந்து நிமிட நீலத்தை போட் கீக்குக் கொடுப்பது வீண். ஃபுல்லர்ட்டன் ஹோட்டல், கவெனா பாலம் இரண்டும் வெள்ளையும் மஞ்சளுமான விளக்கில் நிற்பவை. அவற்றை 8 மணிக்குக் கறுப்பு வானத்தோடு எடுத்தாலும் எடுபடும். கிளார்க் கீ அப்படியில்லை. அங்கே விளக்குகளே ஊதா, சிவப்பு, பச்சை என்று அடிதடி. பின்னால் நீல வானம் இருந்தால்தான் கண் பொறுக்கும், கறுப்பு வானத்தில் பொருட்காட்சிபோல் ஆகிவிடும். என் கணக்கில் 7:08-க்கு ரீட் பாலம், 7:45-க்குக் கவெனா.

சாய்வெயில்:

வாதம் நியாயமானதுதான். ஆனால் முதல் முறை வருகிறவர்கள் போட் கீயை நீல வானத்தில் எடுக்காமல் ஊர் திரும்பினால் மனம் ஆறாது. ஏழு பேர், இரண்டு டிரைபாட் என்கிறார்கள். ஒரு டிரைபாட் ரீட் பாலத்தின் கரைமுனையில், ஒன்று எம்பிரஸ் பிளேஸில் என்று குழுவைப் பிரித்தால் சண்டை தீரும். இரண்டுக்கும் நடுவே பத்து, பன்னிரண்டு நிமிட நடைதான்.

காவிரிக்கரை:

இவ்வளவு துல்லியமாக எதிர்பார்க்கவில்லை, நன்றி அண்ணன்மாரே. மூன்று சந்தேகம். எம்பிரஸ் பிளேஸ் கரையிலிருந்து 16 மி.மீ.-இல் போட் கீக்குப் பின்னால் நிற்கும் யூஓபி வங்கிக் கோபுரத்தின் உச்சி வரை வருமா? போட் கீ வளைவை முழுதாகக் காட்ட வழி உண்டா? கைபேசிக்காரர்களை என்ன செய்யச் சொல்வது?

சாய்வெயில்:

உச்சி வராது. கோபுரம் 280 மீட்டர், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து தூரம் சுமார் 200 மீட்டர். உச்சியைப் பார்க்க 54 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கேமராவை மட்டமாக வைத்து நெடுக்குவாட்டில் 16 மி.மீ. எடுத்தால் மேற்பக்கம் 48 டிகிரிதான் அடங்கும். கேமராவை அண்ணாத்தினால் கடைவீடுகள் எல்லாம் பின்னால் சாயும், அதைக் கணினியில் நிமிர்த்தினால் ஓரங்கள் இழுபட்டு ஓடு கூழாகும். இரண்டு வழி உண்டு. ஒன்று, உச்சியை விட்டுவிடுங்கள். 85-ஐ மாட்டி, மூன்று மாடிக் கடைவீட்டு வரிசைக்குப் பின்னால் கோபுரத்தின் கண்ணாடிச் சுவர் மட்டும் சட்டத்தை நிரப்பட்டும். உயர வித்தியாசம் உச்சியைக் காட்டாமலே புரியும், எனக்கு அதுதான் மேலான படம். இரண்டு, எல்கின் பாலத்தின் முனைக்குப் போங்கள். அங்கிருந்து தூரம் 300 மீட்டருக்கு மேல், 20 மி.மீ. நெடுக்குவாட்டில் உச்சி மட்டுமட்டாக அடங்கும். ரீபப்ளிக் பிளாஸா, ஒன் ராஃபிள்ஸ் பிளேஸ் கோபுரங்களும் அதே 280 மீட்டர்தான். நெடுநாள் அதுவே நகரின் உச்ச உயரமாக இருந்தது. அதனால்தான் பழைய வானவரிசைப் படங்களில் மூன்றும் ஒரே மட்டத்தில் வெட்டியதுபோல் தெரிகின்றன.

வளைவுக்குப் பனோரமா. அகல லென்ஸ் வேண்டாம், 35 மி.மீ. நெடுக்குவாட்டில் ஏழெட்டுப் படம், ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததோடு மேலேறட்டும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவல். இடப்பக்கம் விளக்கொளி, வலப்பக்கம் இருள் என்று ஆட்டோ குழம்பினால் வானத்தில் பட்டை பட்டையாகத் தையல் தெரியும். கைப்பிடிக் கம்பி சட்டத்துக்குள் வரக்கூடாது. அருகில் இருக்கும் பொருள் ஒட்டும்போது உடையும். நடுவில் படகு வந்தால் அது இரண்டு படங்களிலும் விழுந்து இரட்டைப் படகாகும், போகவிட்டு எடுங்கள்.

கைபேசிக்கு: 0.5 எக்ஸ் அகல லென்ஸை இரவில் தொடவே வேண்டாம். பல கைபேசிகளில் அதன் சென்சார் சிறியது, நிழல் எல்லாம் புள்ளிக்கோலமாகும். முதன்மை லென்ஸ், நைட் மோடு, கைபேசியைத் தடுப்புச் சுவரில் சாய்த்து 3 விநாடி டைமர். பெயர்ப்பலகையின்மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் கீழே இறக்கினால் வெளுக்காது. பகலில் கைபேசிக்காரர்கள்தான் உங்களைவிட நல்ல படம் எடுப்பார்கள். அஞ்சடிக்குள் (கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதை) புகுந்து தரை ஓடு, கதவு, மரச்சன்னல் என்று எடுக்கப் பெரிய கேமரா இடைஞ்சல்.

அஞ்சடி:

படக்குறிப்புக்கு நான் சொல்கிறேன், அடிக்கடி தப்பாக எழுதப்படுபவற்றிலிருந்து தொடங்கி.

இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் வெள்ளைச் சிலையைப் பலர் ‘நூறாண்டுப் பழைமை’ என்று எழுதுகிறார்கள். ஆற்றோரத்தில் இருக்கும் வெண்சிலை 1972-ல் வைத்தது. 1887-ல் திறக்கப்பட்ட வெண்கலச் சிலையைப் பார்த்து வார்த்தது அது, மூலச்சிலை சில நிமிட நடையில் விக்டோரியா அரங்கின் முன்னால் நிற்கிறது. 2019-ல், ராஃபிள்ஸ் வந்த இருநூறாவது ஆண்டை ஒட்டி, இந்த வெண்சிலைக்குப் பக்கத்தில் தற்காலிகமாக நான்கு சிலைகள் வைத்தார்கள். அவற்றில் ஒன்று நாராயண பிள்ளையினுடையது. 1819-ல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்தவர், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலைத் தொடங்கியவர். அந்தச் சிலை இப்போது அங்கே இல்லை, தேடி அலையாதீர்கள். சவுத் பிரிட்ஜ், நார்த் பிரிட்ஜ் என்ற சாலைப் பெயர்களில் வரும் பாலம் எல்கின் பாலம்தான். இப்போதுள்ள பாலம் 1929-ல் கட்டியது. அதன் விளக்குத் தூண்களில் பனையடியில் நிற்கும் சிங்க முத்திரைகள் இத்தாலியச் சிற்பி ரொடால்ஃபோ நோலி செய்தவை, 85-க்கு நல்ல தீனி.

கவெனா பாலம்: 1869-ல் திறந்தது, இரும்பு பிரிட்டனின் கிளாஸ்கோ நகரிலிருந்து கப்பலில் வந்தது. இங்கே அதைப் பூட்டி நிறுத்தியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அவர்களைக் கொண்டு கட்டிய பெரிய வேலைகளில் இது கடைசி என்பார்கள். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட அவர்கள் இந்த ஊரில் சாலை, தேவாலயம், கலங்கரை விளக்கம் என்று கட்டாதது குறைவு. பாலத்து முகப்பில் இன்றும் ஒரு காவல்துறை அறிவிப்பு உண்டு: 3 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 152 கிலோவுக்கு மேல் சுமையேற்றிய வண்டிக்கும், மாடு குதிரைக்கும் அனுமதி இல்லை. 1910-ல் ஆண்டர்சன் பாலம் வந்ததும் வண்டிகள் அங்கே போயின, இது நடைபாலமானது. அறிவிப்பைப் படம் எடுக்கும்போது நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள், எழுத்தின் மேடு பள்ளம் நிழலில் தெளியும்.

தமிழர் தொடர்பு என்றால் முதலில் படகு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கிய தொங்கான் (சரக்குப் படகு) தொழிலில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள், அதாவது தமிழ் முஸ்லிம்கள், முன்னணியில் இருந்தார்கள். பிறகுதான் அது சீனர் கைக்கு மாறியது. போட் கீயின் பின்னால் ஓடும் சூலியா ஸ்திரீட் அவர்கள் பெயரில் இருப்பது. அதை ஒட்டிய மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் நடத்திய கடைகள், இருந்தன. கட்டடங்கள் போய்விட்டதால் அங்கே படமெடுக்க ஒன்றும் இல்லை. அதற்கு ஈடாக எம்பிரஸ் பிளேஸ் கரையில், ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில், செட்டியாரிலிருந்து இன்றைய நிதித்துறைக்காரர் வரை காட்டும் வெண்கலச் சிற்பத்தொகுதி ஒன்று இருக்கிறது. செர்ன் லியன் ஷான் செய்தது. கறுத்த வெண்கலம், பின்னால் பளிச்சென்ற வானம், ஆட்டோவில் எடுத்தால் வெறும் நிழலாகும். ஒன்றரை ஸ்டாப் கூட்டி, முட்டி போட்டு, 35-இல் எடுங்கள். ஆற்றுக்கு அப்பால் உள்ள வங்கிக் கோபுரங்கள் செட்டியாரின் தலைக்குமேல் வருமாறு நின்றால் படக்குறிப்பே தேவைப்படாது.

ஃபுல்லர்ட்டன் பக்கத்தில் ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் சிற்பம் இருக்கிறது. சோங் ஃபா சியோங் செய்தது, பெயர் ‘முதல் தலைமுறை’. எல்லாரும் பின்னாலிருந்து எடுப்பார்கள். எதிர்க்கரையிலிருந்து 85-இல் முகங்களை எடுத்தால் பின்னணி ஹோட்டலின் தூண்களாகும். அந்த ஹோட்டல் 1928-ல் தலைமை அஞ்சல் அலுவலகமாகத் திறந்த கட்டடம்.

முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பெரிய கல்வெட்டுப் பாறை இருந்தது. 1843-ல் ஆங்கிலேயர் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். எழுத்து இன்றுவரை முழுதாகப் படிக்கப்படவில்லை, ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. ‘தமிழ்க் கல்வெட்டு’ என்று படக்குறிப்பில் எழுதிவிடாதீர்கள். பழஞ்சாவகம், சமஸ்கிருதம் என்றும் சொல்பவர்கள் உண்டு.

ஆறு எப்போதும் இப்படிச் சுத்தமாக இல்லை என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். 1977-ல் தொடங்கிய துப்புரவு 1987 வரை பத்தாண்டு நடந்தது. நடுவில் 1983-ல் சரக்குப் படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். போட் கீ கடைவீடுகள் 1989-ல் பாதுகாப்புப் பகுதியாயின. ஆக, நீங்கள் எடுக்கப்போகும் வண்ணக் கடைவீடுகளும் கண் எழுதிய படகுகளும் வணிகம் ஓய்ந்தபின் எழுந்த தோற்றம். தொங்கான் நெரிசலைக் காட்டும் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் கண்காட்சிக்கு எடை கூடும்.

மாலை நடைக்கு முன் ஒரு மணி நேரம் கிடைத்தால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்விட்டு ஆற்றுக்கு இறங்கலாம். செட்டியார்கள் 1859-ல் எழுப்பியது, ஃபோர்ட் கேனிங் நிலையத்திலிருந்து பக்கம்தான். நடை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே எடுக்கும் முன் கேளுங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டிப்பூசத்தன்று வெள்ளித்தேர் புறப்படுவது இங்கிருந்துதான், அது உங்கள் தேதியில் வராது.

அல்காஃப் பாலத்துக்கும் குறிப்பு வேண்டுமே: 1997-ல் கட்டியது, வடிவம் தொங்கான். 2004-ல் பிலிப்பீன்ஸ் ஓவியர் பசிட்டா அபாட் 55 வண்ணங்களில் தீட்டினார். நடுப்பகல் வெயிலில் வண்ணம் வெளிறும், அரை ஸ்டாப் குறைத்து எடுங்கள்.

இரவுமுக்காலி:

டிரைபாட், காவலர் பற்றி யாரும் சொல்லவில்லை. பொது நடைபாதையில் சொந்த விருப்பத்துக்கு எடுத்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. கால்களைக் குறுக்கி, நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். ஹோட்டல் வளாகம், அங்காடி முற்றம், உணவக மேசைகள் போட்ட இடம் எல்லாம் தனியாருடையவை, எடுக்கச் சொன்னால் வாதாடாமல் பத்தடி நகர்ந்துவிடுங்கள். போட் கீயில் மாலை 6 மணிக்குப் பிறகு ஆற்றோர விளிம்பு முழுக்க மேசையும் குடையும்தான், அங்கே டிரைபாட் நினைப்பே வேண்டாம். எல்கின் பக்கம் வடகரையில் நாடாளுமன்றக் கட்டடம் இருக்கிறது. ‘பாதுகாக்கப்பட்ட இடம்’, ‘படம் எடுக்கத் தடை’ என்று பலகை கண்டால் கேமராவைத் திருப்பிவிடுங்கள். ட்ரோன் கொண்டுவந்தால் ஹோட்டலிலேயே இருக்கட்டும், நகர மையத்தில் அனுமதியில்லாமல் ஏற்றினால் வழக்குதான்.

டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். பிற்பகல் 2 மணிக்கு மேல் இடியோடு கொட்டலாம். சில நாள் விட்டுவிட்டு இரவுவரை தூறும். மழை நின்ற அரைமணி நேரம்தான் இங்கே உண்மையான வரம், நடைபாதைக் கல்லெல்லாம் விளக்கைத் திருப்பிக் காட்டும். இடி இருக்கும்போது பாலத்தின்மேல் டிரைபாட்டோடு நிற்காதீர்கள், கோல்மன் பாலத்தின் அடி நடைபாதை நல்ல ஒதுங்குமிடம்.

லென்ஸ் வியர்ப்பது இந்த ஊரின் நிரந்தரத் தொல்லை. ஏசி அறையிலிருந்து விடியலில் வெளியே வந்து பையைத் திறந்தால் முன் கண்ணாடி உடனே பனிக்கும். துடைக்கத் துடைக்கத் திரும்பப் படியும், அதற்குள் நீலம் போய்விடும். இரவே பையை மூடி, ஏசி எட்டாத இடத்தில் வையுங்கள். முடியாவிட்டால் கிளம்புவதற்கு அரைமணி முன்பாவது மூடிய பையோடு வெளியே எடுத்துவைத்து, சூடேறியபின் திறவுங்கள். வெளியில் லென்ஸ் மாற்றாமல் இருந்தால் சென்சாரும் தப்பிக்கும்.

கிட்டங்கித்தெரு:

தேதி விஷயத்தில் தப்பித்தீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடக்கும். அதன் ஓடுபாதை ஆண்டர்சன் பாலத்தின் மேலேயே போவதால், முன்பின் சில வாரங்களுக்கு வேலியும் விளக்குக் கம்பங்களும் முகத்துவாரப் பக்கத்துச் சட்டங்களைக் கெடுக்கும். டிசம்பரில் அது இராது.

விடியலுக்கு வருவதைப் பற்றி: முதல் ரயிலை நம்பி 6:15-க்கு ஜூப்ளி பாலத்தில் நிற்க நினைத்தால், எந்த நிலையத்திலிருந்து ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இழுபறிதான், ஞாயிறு என்றால் இன்னும் தாமதம். ஏழு பேருக்கு இரண்டு வாடகைக் கார் பிடித்து ஃபுல்லர்ட்டன் வாசலில் இறங்கிவிடுங்கள். திரும்பும்போது கவெனா பாலத்தைத் தாண்டி ராஃபிள்ஸ் பிளேஸ் நிலையத்தின் ‘எச்’ வாசல் பக்கம். பசியாறணும் என்றால் பத்து நிமிட நடையில் லாவ் பா சாட் உணவங்காடி. அந்த வார்ப்பிரும்புக் கூரைக்கும் 16-35 தேவைப்படும், அதனால் பையைக் கட்டிவிடாதீர்கள்.